விளக்குக்காரியை மாட்டியவர்

வேலைக்குச் சேர்ந்த பதினோராவது நாள் அது. மாப்புக் கம்பைத் திருப்பும்போது அதன் நுனி ஒரு படத்தின் சட்டத்தில் பட்டுவிட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, டொக்கென்று ஒன்று, அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின் மூலையில் செதுக்கியிருந்த பொன் நிற மர இலை ஒன்று பெயர்ந்து விழுந்து, ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டே போய்ச் சுவரோரம் நின்றது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓவியக் கூடத்தில் தரை துடைக்க வந்தவள் ஓவியத்தையே உடைத்தாள் என்று பேர் வந்தால், பிறகு எந்தக் கட்டடத்தில் சேர்ப்பார்கள்? வீட்டில் இரண்டு பிள்ளைகள். கணவர் நாலு நாள் எழுந்திருப்பார், பத்து நாள் படுத்திருப்பார்.

எதிர்ச் சுவரில் ஏணி மேல் நின்றுகொண்டிருந்த ஒருவர் இறங்கி வந்தார். குனிந்து இலையை எடுத்தார், ஊதினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பிப் போய் ஏணியில் ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் வந்து பார்த்தபோது இலை அதன் இடத்தில் இருந்தது. ஒட்டின கோடுகூடத் தெரியவில்லை. மூலையில் சாத்தியிருந்த அவளுடைய மாப்புக் கம்பின் நுனியில் மெத்தென்ற கம்பளித் துணியைச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தார்கள். அந்த இலையைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. அவள்தான் ஒவ்வொரு வருஷமும் கம்பளித் துணியை மாற்றிக் கட்டும்போது மனசுக்குள் அவருக்காக ஒரு வேண்டுதல் சொல்லிக்கொள்வாள்.

அவளைக் கூடத்தில் எல்லாரும் வாளியக்கா என்பார்கள். அவரை ரசமட்டம் என்பார்கள். கொத்தனார்கள் சாய்வு பார்க்க வைப்பார்களே, நடுவில் ஒரு குமிழி ஓடுகிற மட்டக்குழாய், அந்த ரசமட்டம். படங்களை மாட்டுவதும் இறக்குவதும்தான் அவர் வேலை. அந்தக் குழாய் அவர் இடுப்பில் எப்போதும் இருக்கும், ஆனால் எடுக்கவே மாட்டார். கண்ணாலேயே பார்த்து, "இடப்பக்கம் ரெண்டு நூல் தூக்கு" என்பார். பிறகு யாராவது குழாயை வாங்கி வைத்துப் பார்த்தால் குமிழி நட்டநடுவில் நிற்கும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு நூல் சாய்ந்தால்கூட அந்த மனுஷருக்குச் சோறு இறங்காது.

இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. ஒருதடவை கூடத்துக் காவலாளியின் தகப்பனார் இறந்துபோய், எல்லாரும் துக்கம் கேட்கப் போனார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய், செத்தவரின் புகைப்படத்தை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, அப்புறம்தான் காவலாளியின் தோளில் கை வைத்தார். காவலாளியின் அம்மா அழுகைக்கு நடுவில், "அவர் இருந்தப்பவும் இப்படித்தாம்பா, யாராவது நிமுத்தி விட்டுக்கிட்டே இருக்கணும்" என்று சொல்ல, துக்க வீட்டில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்களாம்.

அவருடைய வேலை முறையில் இரண்டு விஷயம் உண்டு. வாளியக்கா பதினாறு வருஷமாகப் பார்த்து வந்தது.

முதலாவது, எந்தச் சுவரில் ஆணி அடிப்பதற்கு முன்னாலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிறகு கன்னத்தை வைப்பார். சுவரிடம் ரகசியம் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வந்த புதிதில் வாளியக்காவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "கைக்குக் காய்ப்பு ஏறிடுச்சு தங்கச்சி, அது பொய் சொல்லும். கன்னம் பொய் சொல்லாது" என்று அவர் சொன்ன பிறகு சிரிக்கவில்லை.

இரண்டாவது, பென்சில். ஒவ்வொரு பெரிய படத்துக்கும் பின்னால் தூசி போகாமல் ஒரு மெல்லிய பலகை அடித்திருக்கும். படத்தை இறக்கி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தப் பின்பலகையில் ஒரு வரி எழுதுவார். தேதி, எந்தச் சுவர், யார் யார் பிடித்தார்கள், சுவர் எப்படி இருந்தது. அதற்கென்று ஒரு பழைய வகைப் பென்சில் வைத்திருந்தார். அவருடைய மைத்துனரின் கடையில் விற்காமல் கிடந்த பெட்டியை அப்படியே வாங்கி வந்துவிட்டார். எழுதும்போது சாம்பல் நிறமாக இருக்கும். எப்போதாவது ஈரம் பட்டால் மட்டும் பளிச்சென்று ஊதாவாக மாறும், மாறினால் மாறினதுதான். "இது எனக்கு காவலாளி. நான் இல்லாத நேரம் சுவர் அழுதுச்சுன்னா இது காட்டிக்கொடுக்கும்" என்பார்.

அந்தக் கூடத்தில் பெரிய படம் என்றால் விளக்குக்காரி படம்தான். அகலம் நாலு அடிக்குக் குறையாது. கிரேக்க நாட்டுப் பழங்கதையாம். இடப்பக்கம் மேலே ஒரு கோபுரம், அதன் சன்னலில் கையில் விளக்கோடு குனிந்து பார்க்கிற பெண். கீழே கறுத்துக் கொந்தளிக்கிற கடல். அலைக்கு நடுவில் ஒருவனுடைய தலையும், தூக்கின ஒரு கையும். பெண்ணின் கூந்தல் முழுக்க ஒரு பக்கமாகப் பறக்கிறது. விளக்கின் சுடரும் அதே பக்கம் படுத்துக் கிடக்கிறது. இன்னும் ஒரு மூச்சுக் காற்று வந்தால் போய்விடும். அந்த ஒரு மூச்சுக்கு முன்னால் நிறுத்தி வரைந்திருக்கிறான் வரைந்தவன்.

பார்க்க வருகிறவர்களுக்குக் கதை சொல்ல ஒருவர் இருந்தார். அவருக்குக் கதைக்காரர் என்றே பேர். நல்ல குரல். அவர் தினம் ஐந்தாறு தடவை சொல்லி வாளியக்காவுக்கு அந்தக் கதை மனப்பாடம். அக்கரையில் அவன், இக்கரையில் இவள். வீட்டார் சம்மதம் இல்லாத காதல். ராத்திரியானால் இவள் கோபுரத்தில் விளக்கை ஏற்றுவாள், அவன் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை நீந்தி வருவான், விடியும் முன் திரும்பிப் போவான். ஒருநாள் புயல். விளக்கு அணைந்துபோச்சு. திசை தெரியாமல் அவன் மூழ்கினான். காலையில் உடம்பு கரையில் ஒதுங்கினதைப் பார்த்து இவளும் கோபுரத்தில் இருந்து குதித்துவிட்டாள். இதையெல்லாம் உருக்கமாகச் சொல்லிவிட்டு, கதைக்காரர் கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு வரி வைப்பார்: "அந்த ஒரு ராத்திரி அவள் விளக்கைச் சரியாகக் காத்திருந்தால் இரண்டு உயிர் பிழைத்திருக்கும்."

கூட்டம் உச்சுக்கொட்டும். ஏணி மேல் இருக்கிற ரசமட்டத்துக்கு மட்டும் முகம் சுண்டிப்போகும்.

ஒருநாள் சாப்பிடுகிற நேரத்தில் கதைக்காரரிடம் கேட்டேவிட்டார். "ஏன்யா, புயல் அடிச்சுது. கடல் முழுங்குச்சு. சேரக் கூடாதுன்னு ரெண்டு வீட்டுக்காரங்களும் தடுத்தாங்க. அவங்க யாரையும் ஒண்ணும் கேக்கல. விளக்கப் புடிச்சுக்கிட்டு நின்னவளைத்தான் விசாரிக்கிறே. அவ கையைப் பாத்தியா நீ? காத்து வர்ற பக்கம் உள்ளங்கையைக் குவிச்சு மறைச்சிருக்கா. சுடர் அவ கையையே சுடுது. இன்னும் என்னய்யா காக்கணும்?"

வாளியக்கா அன்றைக்குத்தான் அந்தக் கையைப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் அந்தப் படத்தின் காலடியைத் துடைத்தவள், அதுவரை தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. உண்மைதான். உள்ளங்கையின் ஓரம் சிவந்திருந்தது.

இப்படி இருக்கும்போது கூடத்துக்குப் புதிய தலைமை அதிகாரி ஒருவர் வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தன் அறையை ஒட்டிச் சொந்தமாக ஒரு குளியலறை கட்டிக்கொண்டது. இரண்டாவது காரியம், விருந்தினர் வந்து உட்காருகிற முன்கூடத்துக்கு விளக்குக்காரி படத்தைக் கொண்டுவரச் சொன்னது. பெரிய மனுஷர்கள் வந்தால் கதவைத் திறந்ததும் கண்ணில் படவேண்டுமாம். அவர் காட்டின சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் குளியலறை.

ரசமட்டம் உள்ளங்கையை வைத்தார். கன்னத்தை வைத்தார். வாளியக்காவைக் கூப்பிட்டு, "நீயும் வச்சுப் பாரு தங்கச்சி" என்றார். தலைக்கு மேல் எட்டும் உயரத்தில் சுவர் சில்லென்று இருந்தது. வெயில் காலத்தில், மண்பானையைத் தொட்ட மாதிரி. கீழே வரவர உலர்ந்திருந்தது. குழாய் மேலேதான் போகிறது, எங்கேயோ கசிகிறது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

அதிகாரியிடம் போய்ச் சொன்னார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பணிவாகத்தான் சொன்னார். வாளியக்கா வாசலில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பதில் அவள் காதிலேயே விழுந்தது. "நீ மாட்டுறவனா, மதிப்புப் போடுறவனா? மாட்டுறவன்னா மாட்டு." அவ்வளவுதான் பேச்சு.

மாட்டினார். சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் பிடிக்க, வாளியக்கா துணியோடு பக்கத்தில் நிற்க, மாட்டினார். மாட்டுவதற்கு முன்னால் படத்தை முகம் கவிழ்த்து வைத்து, பின்பலகையின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் எழுதினார். எழுதுவதை வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "மேல்சுவர் குளிர்ச்சி. வேண்டாம் என்று சொன்னேன். மாட்டச் சொன்னார்கள்."

இங்கேதான் அந்த நல்ல மனுஷர் தவறு செய்தார். இன்னொரு ஆளாக இருந்தால் ஒரு காகிதத்தில் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருப்பான். இவர் இருபத்தாறு வருஷமாகப் படத்தின் சங்கதியைப் படத்திடமே சொல்லிப் பழகினவர். யார் படத்தை இறக்குகிறார்களோ அவர்கள் படித்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். அந்தக் கூடத்தில் படத்தை இறக்குகிற ஆள் அவர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. தனக்குத்தானே கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த மாதிரி ஆயிற்று.

ஒன்பது மாதம் போயிற்று. நடுவில் இரண்டு தடவை அவர் அதிகாரியிடம், படத்தை இறக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். விருந்தினர் வருகிற நேரம், இப்போது வேண்டாம் என்றார்கள். குளிர்காலம் முடிகிற சமயம் ஒரு காலையில் வாளியக்கா முன்கூடத்தைத் துடைக்கும்போது மாப்பில் மஞ்சளாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. பூ மகரந்தம் என்று நினைத்து உதறப் போனவள், என்னவோ தோன்றி நிமிர்ந்து பார்த்தாள். கோபுரத்துப் பெண்ணின் கையில் விளக்கு இருந்தது, சுடர் இல்லை. சுடர் இருந்த இடத்தில் வண்ணம் பெயர்ந்து வெள்ளைத் துணி தெரிந்தது. சுற்றிலும் கோபுரம் எல்லாம் காய்ந்த சேறு மாதிரி வெடித்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது.

துணுக்கைக் காகிதத்தில் வைத்து மடித்து ரசமட்டத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். முன்கூடத்துக்கு வருகிற பெரிய மனுஷர்கள் யாரும் படத்தை அண்ணாந்து பார்த்ததே இல்லை, இன்னும் ஆறு மாதத்துக்குத் தெரிந்திருக்காது. அவருக்கும் ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. ஆனால் அவர் அந்தக் காகிதத்தை நேரே அதிகாரியின் மேசையில் வைத்து, விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அன்று மாலைக்குள் விசாரணை என்று உத்தரவு வந்துவிட்டது. எதைப் பற்றி விசாரணை என்று பார்த்தால், படத்தை ஒழுங்காக மாட்டாமல் கெடுத்தது பற்றி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற பெண்ணுக்கு வாளியக்காமேல் பிரியம். அவள்தான் மறுநாள் கைகழுவுகிற இடத்தில் வைத்து மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அதிகாரி ரசமட்டத்தைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொல்லியிருக்கிறார். தரை துடைக்கிறவள் தண்ணீரைத் தெறிக்கவிட்டுத்தான் படம் கெட்டது என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அவரை விட்டுவிடலாம். குளியலறைப் பேச்சும் வராது, எல்லாருக்கும் நல்லது. ரசமட்டம், "அவ மாப்புக் கம்பு நுனியில கம்பளி கட்டி வச்சிருக்கா சார். பதினாறு வருஷமா ஒரு சட்டத்துலகூட இடிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

இதைக் கேட்டதும் வாளியக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் யாரையும் அதிர்ந்து பேசாதவள். தினமும் வேலையைத் தொடங்கும் முன் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிடுகிறவள். அன்றைக்கும் கும்பிட்டாள். கடவுளே, அந்த அதிகாரிக்கும் நல்ல புத்தி கொடு என்று ஆரம்பித்தாள். பாதியில் வேண்டுதல் நின்றுவிட்டது, மேலே வரவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீட்டுக்குள் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். கட்டடத்துக்கும் அதேதான் சட்டம்.

அன்று ராத்திரி பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்தாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. சுவரைத் தானும் தொட்டுப் பார்த்தது, மேலே சில்லென்று இருந்தது, அவர் அதிகாரியிடம் சொன்னது, அதிகாரி சொன்ன பதில், எல்லாவற்றையும் எழுதி, கீழே தன் பேரை எழுதினாள்.

விசாரணை முன்கூடத்தில் நடந்தது. படத்தை இறக்கி, நீள மேசையில் கம்பளி விரித்து முகம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதிகாரி ஒரு நாற்காலியில், எழுத்தர் ஒரு நாற்காலியில். பழைய படங்களைச் செப்பனிடுகிற ஒரு அம்மா வெளியில் இருந்து வந்திருந்தார், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு. ரசமட்டம் நின்றுகொண்டிருந்தார். வாளியக்கா யாரும் கூப்பிடாமலே தாளோடு உள்ளே போனாள். எழுத்தர் அதை வாங்கி, படிக்காமல், கோப்புக்கு அடியில் செருகினார். "உன் வேலை தரை. சுவரைப் பத்தி உனக்கு என்ன?" என்றார் அதிகாரி. அவள் வெளியே போகவில்லை. வாசல் ஓரத்தில் ஒதுங்கி நின்றாள்.

செப்பனிடுகிற அம்மா பின்பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பலகை முழுக்க எழுத்து. மேலே இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய வரிகள். ஒன்றன்கீழ் ஒன்றாக அடிவரைக்கும். மேலே முக்கால் பாகம் எல்லா வரிகளும் பளிச்சென்ற ஊதா. மழையில் நனைந்த பூ மாதிரி வரிகள் கரைந்து கீழ்நோக்கி வழிந்திருந்தன. அடியில் கடைசிக் கால் பாகம் மட்டும் உலர்ந்த சாம்பல் நிறம், எழுதின மாதிரியே. அதில் கடைசி வரி, எல்லாரும் படிக்கும்படி தெளிவாக: "மேல்சுவர் குளிர்ச்சி. வேண்டாம் என்று சொன்னேன். மாட்டச் சொன்னார்கள்."

அந்த அம்மா விஷயம் தெரிந்தவர். பென்சிலின் குணத்தை அவரே அதிகாரிக்கு விளக்கினார். தரைத் தண்ணீர் தெறித்திருந்தால் கீழே இருக்கிற வரிகள்தான் ஊதாவாகியிருக்கும். இங்கே மேலே ஊதா, கீழே சாம்பல். ஈரம் பின்னால் இருந்து, சுவரின் மேல் பாகத்தில் இருந்து வந்திருக்கிறது. படத்தைக் கெடுத்தது சுவர். அவர் எழுந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ரசமட்டத்தைப் பார்த்து, "இதைவிட நல்ல சாட்சி நான் பார்த்ததில்லை" என்றார்.

வாளியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

அதிகாரியும் எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதெல்லாம் யார் எழுதுனது?"

"நான்தான் சார்."

"கூடத்துச் சொத்துல எழுத உனக்கு யார் அனுமதி கொடுத்தது?"

ரசமட்டத்துக்குக் கேள்வியே புரியவில்லை. கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். அனுமதி யாரும் கொடுக்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை என்றார். எழுத்தரிடம் எண்ணச் சொன்னார் அதிகாரி. எழுத்தர் எழுந்து வந்து, பேனா நுனியால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று. நாற்பத்தொரு முறை, அனுமதி இல்லாமல், விலைமதிப்பற்ற ஓவியத்தின் பின்பலகையில் கிறுக்கினார் என்று கோப்பில் ஏறியது. சுவரைப் பற்றி ஒரு வரி இல்லை. குளியலறையைப் பற்றி அரை வரி இல்லை. வாளியக்காவின் தாளைப் பற்றிப் பேச்சே இல்லை. குற்றத்தை மாற்றினார்கள், குற்றவாளியை மாற்றவில்லை. செப்பனிடுகிற அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். படத்தைச் செப்பனிட எத்தனை மாதம் ஆகும் என்று அதிகாரி அவரை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

இரண்டு வாரத்தில் ரசமட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். விடைகொடுக்கிற கூட்டம் இல்லை, ஒரு வார்த்தை நன்றி இல்லை. இடுப்பில் இருந்த மட்டக்குழாய் கூடத்துச் சொத்து என்று அதையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் அதைக் கொடுக்கும்போது மேசையில் நேராகப் படுக்கவைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, "மேசை சாஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாராம். சாமான் அறையில் இருந்த ஆள் சொன்னது இது.

படம் செப்பனிடப் போனது. பழைய பின்பலகையைக் கழற்றிப் புதுசு அடித்தார்கள். பழையதைக் கழிவு மரத்தோடு பின்வாசலில் போட்டிருந்தார்கள். வாளியக்கா அதைப் பார்த்தாள். சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி, வழியெல்லாம் கண்டவர்களின் முழங்காலில் இடித்துத் திட்டு வாங்கிக்கொண்டு, அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

அவர் பலகையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். இது இன்ன வருஷம், அன்றைக்கு மழை, இவன் பிடித்தான், அவன் இப்போது உயிரோடு இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோபமாக ஒரு சொல் சொல்லவில்லை. வாளியக்காவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. நீங்கள் திட்டினாலாவது எனக்கு ஆறும் அண்ணே என்றாள். அவர் எழுந்து ஒரு ஆணி எடுத்து, சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, எழுத்துப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி அந்தப் பலகையை வீட்டுக் கூடத்தில் மாட்டினார்.

"கட்டிக்கிட்டு வந்து முப்பது வருஷமாச்சு. எங்க கல்யாணப் போட்டோவை மாட்டுங்கன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம்" என்றார் அவர் மனைவி. "ஊரான் வீட்டுப் பலகைக்கு உடனே ஆணி கிடைக்குது."

"போட்டோல நீ சாஞ்சு நிக்கிறே. எப்படி மாட்டினாலும் கோணலாத்தான் தெரியும்" என்றார் அவர். அண்ணி கரண்டியோடு வந்ததைப் பார்த்து வாளியக்காவும் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, பேருந்தில் திரும்பும்போது அழுதாள்.

ஏழு மாதம் கழித்து விளக்குக்காரி திரும்பி வந்தாள். செப்பனிட்ட அம்மா நல்ல வேலைக்காரி. சுடர் பழையபடி ஒரு பக்கமாகப் படுத்து எரிந்தது. இந்தத் தடவை வேறு சுவர். யாரோ ஒப்பந்தத்துக்கு வந்த ஆட்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். சுவரை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. கீழே ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள். தலைமை அதிகாரியின் உரிய கால நடவடிக்கையால் இந்த அரிய ஓவியம் அழிவில் இருந்து காப்பாற்றப்பட்டது என்று அதில் பொறித்திருந்தது. அந்தத் தகட்டைத் தினமும் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை யாருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற பித்தளை எல்லாவற்றையும் அவள் தேய்ப்பாள். அந்தத் தகட்டின் மேல் மட்டும் காய்ந்த துணியால் ஒரு தடவு தடவிவிட்டுப் போய்விடுவாள். அது கறுத்துக்கொண்டு வந்தது. யாரும் கவனிக்கவில்லை. பெரிய மனுஷர்களுக்குப் படத்தைப் பார்க்கத்தான் நேரமில்லை என்று நினைத்தால், தங்கள் பேரைப் பார்க்கவும் நேரமில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு பகலில் ரசமட்டம் வந்தார். மற்றவர்களைப் போல வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு, அயர்ன் பண்ணின சட்டையோடு. வெளியூரில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போவதாகவும், நெஞ்சு கொஞ்சம் சரியில்லை, மருத்துவர் ஏணி ஏறக் கூடாது என்கிறார் என்றும் சொன்னார். ஏறுவதற்கு ஏணியே இல்லை, அப்புறம் என்ன தடை என்று தானே சிரித்துக்கொண்டார். அந்த நெஞ்சு அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை என்பது வாளியக்காவுக்குப் பின்னால் தெரிய வந்தது. அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாளியைப் போட்டுவிட்டு வாசல்வரை கூடவே போயிருப்பாள்.

படத்துக்கு முன்னால் கதைக்காரர் ஒரு கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். புயல் வந்தது, விளக்கு அணைந்தது, அவன் மூழ்கினான், அவள் குதித்தாள். கடைசி வரிக்கு வந்து குரலைத் தாழ்த்தினவர், கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்துவிட்டார். வாய் திறந்தபடியே நின்றது. "காத்து பலமா அடிச்சுது" என்று முடித்துவிட்டு, கூட்டத்தை அடுத்த அறைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அறையில் ரசமட்டமும் வாளியக்காவும்தான். அவர் தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தார். பித்தளைத் தகட்டையும் படித்தார். கை தன்னாலே படத்தின் சட்டத்தை நோக்கிப் போயிற்று. பாதியில் நினைவு வந்து, கையை இழுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"இடப்பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு, தங்கச்சி. நான் தொடக் கூடாது. நீ தூசி தட்டுற சாக்குல அடியில ஒரு விரல் கொடுத்துத் தூக்கி விட்டுடு."

அவள் அப்போதே துணியை எடுத்துக்கொண்டு போய், அவர் போதும் என்று சொல்லும்வரை விரலால் தூக்கினாள். அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"இந்தச் சுவரையும் அப்பப்ப கன்னத்தை வச்சுப் பாரு. சில்லுனு இருந்தா போய்ச் சொல்லு. கேக்கலன்னா எழுது. என்னை மாதிரிப் பின்னால எழுதாத தங்கச்சி. முன்னால, நாலு பேர் பாக்குற இடத்துல எழுது."